எழுந்தால் நின்றுவிடும் வண்டி

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கியது முதல் தப்பு. அதையாவது மன்னித்துவிடலாம். எஞ்சினையும் அணைக்காமல் இறங்கினானே, அதற்கு என்ன சொல்ல.

இளையவன் இறங்கியது ஒரு ரப்பர் குழாய்க்காக. பயிற்சி நிலையத்துக்கு முன்னால் விரிந்து கிடக்கும் அந்தப் பெரிய புல்வெளியின் நடுவில், செடிக்குத் தண்ணீர் விட்ட யாரோ ஒரு புண்ணியவான் குழாயைச் சுருட்டி வைக்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தான். அதன்மேல் டிராக்டரின் புல்வெட்டி ஏறினால் குழாயும் போச்சு, கத்தியும் போச்சு. இறங்கினான், குழாயை ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான், சுருட்டி வைத்தான், நிமிர்ந்தான். டிராக்டர் நகர்ந்துகொண்டிருந்தது. இருக்கையில் அவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பாவைத் தொழிலில் எல்லோரும் கோட்டுக்காரர் என்பார்கள். பள்ளிக்கூட மைதானம், ஆஸ்பத்திரி வளாகம், விளையாட்டுத் திடல் என்று எங்கே புல் வெட்டினாலும் அவர் போன வழி அடிஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு மனுஷனுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் செருப்பை வைத்த இடம், அப்புறம் தெருப்பெயர், அப்புறம் பெற்ற பிள்ளை. இப்போதெல்லாம் இளையவனைப் பார்த்து, "தம்பி யாரு, புதுசா வந்திருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்கிறார். முதல் தடவை கேட்டபோது இளையவன் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். இப்போது, "ஆமாங்க, புதுசு" என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

வீட்டில் தனியாக விட முடியாது. இளையவனின் மனைவி, அவருக்கு மருமகள், சலவைக்கடையில் வேலை பார்க்கிறாள், அவள் கிளம்பிவிட்டால் கிழவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆகவே, வெட்டப் போகும் இடத்துக்கெல்லாம் வேனின் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவான். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பிஸ்கட் பொட்டலம். அவரும் சமர்த்தாகத்தான் உட்கார்ந்திருப்பார். ஆளில்லாத டிராக்டர் எஞ்சின் ஓடியபடி நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். சும்மா இருப்பாரா? கதவைத் திறந்துகொண்டு வந்தார், ஏறினார், ஸ்டியரிங்கில் தொங்கிய காதுமூடியை எடுத்து மாட்டினார், கத்தியைச் சுற்றவைக்கும் லிவரைப் போட்டார், கிளம்பிவிட்டார். சொந்தப் பிள்ளையின் முகம் மறந்தவருக்கு அந்த வண்டியில் ஒன்றுமே மறக்கவில்லை.

"உங்க அப்பாவாப்பா ஓட்டுறாரு?" என்று பயிற்சி நிலைய வாட்ச்மேன் வாயெல்லாம் பல்லாக வந்தார். "பழைய ஆளு பழைய ஆளுதான். நீ வெட்டினா பாம்பு நெளிஞ்ச மாதிரியில்ல இருக்கும்."

இளையவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எதனால் என்று புரிய வேண்டுமானால் அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்தப் புல்வெட்டி தனியாக ஓடாது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். கட்டில் அகலத்துக்கு ஒரு இரும்பு மூடி, மூலைக்கு ஒரு சின்னச் சக்கரம், மூடிக்கு அடியில் மூன்று கத்திகள். எஞ்சினிலிருந்து ஒரு தண்டு பின்னால் வந்து அந்தக் கத்திகளைச் சுற்றவைக்கிறது. கத்தி சுற்றும்போது ஓட்டுகிறவர் எழுந்தாலே எஞ்சின் அணைந்துவிடும்படி இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறான் வண்டியைச் செய்தவன். நல்ல ஏற்பாடுதான். கோட்டுக்காரர் அதையே தன் பழக்கமாக்கிக்கொண்டார். ஈரப்புல் அடைத்துக்கொண்டால் லிவரை எடுப்பது, சாவியைத் திருப்புவது என்று மினக்கெட மாட்டார். பிரேக்கைப் பூட்டி, புல்வெட்டியைக் கொஞ்சம் மேலே தூக்கி நிறுத்தி, சட்டென்று எழுந்துவிடுவார். எஞ்சின் அணையும். அவர் இறங்கிப் பின்னால் சுற்றிப் போவதற்குள் கத்தியும் ஓய்ந்துவிடும். மூடிக்கு அடியில் கையை விட்டுப் புல்லை அள்ளிப் போடுவார். காலம் முழுக்க இப்படித்தான் செய்தார், ஒரு கீறல் விழுந்ததில்லை.

இளையவன் ஒல்லிக்குச்சி. மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால் இருக்கையை விட்டு அவன் உடம்பு எழும்பிவிடும், எஞ்சின் அணைந்துவிடும். ஒரு கோடு முடிப்பதற்குள் பலமுறை அணையும். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டான். அன்றிலிருந்து யார் எழுந்தாலும் வண்டி அணையாது, கத்தியும் நிற்காது. நாளைக்குப் பிரித்துவிடலாம் என்று நினைத்தான். நாளைக்கு நாளைக்கு என்றே ஓட்டிவிட்டான். அப்பா இனிமேல் அந்த இருக்கையில் ஏறப்போவதில்லை என்ற தைரியம் வேறு.

"அப்பா!" என்று கத்தினான். காதுமூடி போட்ட மனுஷனுக்கு எங்கே கேட்கும். இரண்டு கையையும் ஆட்டினான். கோட்டுக்காரர் பதிலுக்கு ஒரு கையை ஆட்டிவிட்டு, தூரத்து மரத்தைக் குறி பார்த்துக்கொண்டு நேராகப் போனார்.

இளையவன் ஓடினான். நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான் வண்டி. பக்கவாட்டில் ஓடி முன்சக்கரத்துக்கு நேராக வந்து, நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினான். அப்பாவின் முகம் கடுத்தது. கத்தி சுற்றும்போது யாரும் கிட்ட வரக்கூடாது, அது அவர் சட்டம். தள்ளிப் போகச் சொல்லி விரலை ஆட்டினார். இவன் தள்ளிப் போகவில்லை. அவர் பிரேக்கை மிதித்தார், ஒரு கையை ஸ்டியரிங்கில் ஊன்றினார், இவனைத் திட்டுவதற்காக இருக்கையிலிருந்து எழும்பத் தொடங்கினார்.

இளையவன் அப்படியே பின்வாங்கினான். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, உட்காருங்க உட்காருங்க என்று வாய்க்குள்ளேயே கெஞ்சிக்கொண்டு, புல்வெளியின் ஓரம் வரைக்கும் போய்விட்டான். அப்பா திரும்ப உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது.

அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. வேலைக்கு நடுவில் எப்படி நிறுத்தினாலும் அவர் எழுந்து இறங்குவார். இறங்கினால் பின்னால் போவார். ஏறிக் குதித்துச் சாவியைத் திருப்பலாமா? போன மாதம் குளியலறையில் வழுக்கப் போகிறாரே என்று கையைப் பிடித்ததற்கே, யாரோ அடிக்க வருகிறான் என்று உதறிக் கீழே விழுந்தார். இங்கே உதறினால் விழுகிற இடத்தில் பெரிய சக்கரம் இருக்கிறது, அதற்குப் பின்னால் கத்தி இருக்கிறது. டீசல் தீர்ந்து தானாக நிற்குமா? காலையில் இவனேதான் டேங்க்கை நிரப்பினான்.

மருமகளுக்குப் போன் போட்டான். அடுத்து அண்ணனுக்கும் போட்டான். அண்ணன் தூரத்தில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவன். அப்பா விஷயத்தில் அவன் பங்கு யோசனை சொல்வதோடு சரி.

"டேய், வண்டியை நிறுத்துடா."

"நிறுத்த முடியலண்ணா. அப்பா ஓட்டுறாரு."

"அப்போ அப்பாகிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லு."

"அவருக்குக் கேக்கல. கேட்டாலும் நான் யாருன்னு தெரியாது."

"பொறுமையா எடுத்துச் சொல்லணும்டா. உனக்கு எதுலயுமே பொறுமை கிடையாது" என்றான் அண்ணன். இளையவன் போனை வைத்தான்.

மருமகள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சலவைக்கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. வந்ததும் புல்வெளியைப் பார்த்தாள். வெட்டிய பாதியில் கோடுகள் வெளிர்பச்சை, கரும்பச்சை என்று மாறி மாறிப் படுத்திருந்தன. அப்பாவின் முதுகு நிமிர்ந்திருந்தது. வீட்டில் நாற்காலியில் கூனிக் கிடக்கும் ஆளா இது என்று அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம்.

"மாமா நல்லாத்தானே ஓட்டுறாரு. முடிச்சிட்டு இறங்கட்டுமே. எதுக்குக் கடையில இருக்கிறவளை இப்படிப் பதற வைக்கிறீங்க?"

அவன் சொன்னான். சுவிட்ச், ஒயர், டேப், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்க சோம்பேறித்தனம் ஒருநாள் யார் தலையிலயாவது விடியும்னு நினைச்சேன்" என்றாள். "பெத்தவர் கையிலயே விடியும்னு நினைக்கலைங்க."

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

"வேலை முழுசா முடிஞ்சா லிவரை எடுத்துட்டு, சாவியைத் திருப்பிட்டுதான் இறங்குவாரு" என்றான். "அது அவர் வழக்கம். நடுவுல அடைச்சாத்தான் அப்படியே எழுந்திருவாரு. அடைக்காம முடிஞ்சிட்டா தப்பிச்சோம்."

"அடைக்குமா?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். புல்வெளி அந்தக் கடைசியில் சரிந்து, பம்ப் அறையை ஒட்டி ஒரு பள்ளத்தில் முடிந்தது. ராத்திரி பெய்த மழைத் தண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்கியிருந்தது. புல் முழங்கால் வரை வளர்ந்து, ஈரத்தில் சாய்ந்து, தடித்துக் கிடந்தது. அந்த இடத்தை நாளைக்கு வெயில் வந்தபிறகு வெட்டலாம் என்றுதான் இளையவன் ஒதுக்கி வைத்திருந்தான். கோட்டுக்காரர் எதையும் ஒதுக்கி வைக்கிற ஆள் இல்லை.

"அங்க போனா கண்டிப்பா அடைக்கும்" என்றான்.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு மனுஷன் அழகாக வேலை செய்வதைப் பார்த்துப் பயந்து நிற்பதைப் போல ஒரு கொடுமை உண்டா? பயிற்சி நிலையத்திலிருந்து வெளியே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். "பெரியவரை அடிக்கடி கூட்டிட்டு வாப்பா" என்றார் வாட்ச்மேன். அப்பா கோட்டின் முடிவில் புல்வெட்டியைத் தூக்கி, வட்டமடித்து, போன கோட்டின் ஓரத்தில் சக்கரத்தை மயிரிழை பிசகாமல் வைத்து இறக்கினார். ஒவ்வொரு கோட்டுக்கும் வண்டி பள்ளத்தை நெருங்கியது. அவர் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து இளையவன் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இளையவன் பம்ப் அறைக்குப் பின்னால் ஒளிந்து நிற்க வேண்டும். புல் அடைத்து, அப்பா இறங்கி, இருக்கையை விட்டுப் பின்பக்கம் போகும்போது பாய்ந்து பிடிக்க வேண்டும். மருமகள் மறுபக்கம் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்ப வேண்டும். அவளுக்கு டிராக்டரைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. சாவி எந்தப் பக்கம், எப்படித் திருப்ப வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தான்.

"தெரியுது, தெரியுது. நீங்க போய் நில்லுங்க" என்றாள்.

நினைத்தபடி எது நடந்திருக்கிறது? பள்ளத்தில் அடைக்கும் என்று இவன் அங்கே போய் நின்றால், பள்ளத்துக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே, ஒரு மரத்து நிழலில் காயாமல் கிடந்த புல் அடைத்துக்கொண்டது. எஞ்சின் சத்தம் கம்மியது. புல்வெட்டிக்குப் பின்னால் சாணி மாதிரி பச்சைப் பிண்டம் பிண்டமாக விழுந்தது. அப்பா திரும்பிப் பார்த்து, சலித்துக்கொண்டார். பிரேக்கைப் பூட்டினார். புல்வெட்டியைத் தூக்கினார். எழுந்தார்.

இளையவன் ஓடினான். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. ஈரப்புல் காலை வாரிவிட, குப்புற விழுந்தான். எழுந்து பார்த்தால் அப்பா இறங்கிவிட்டார். காதுமூடி காதிலேயே இருக்க, அவருக்கு உலகம் அமைதியாக இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பின்பக்கம் போனார். முழங்காலில் கையை ஊன்றி மெதுவாகக் குந்தினார். வலது கையை மூடிக்கு அடியில் நீட்டினார்.

சட்டைக் காலரில்தான் இளையவனுக்குப் பிடி கிடைத்தது. பிடித்துப் பின்னால் இழுத்தான். இரண்டு பேரும் புல்லில் மல்லாந்து விழுந்தார்கள். காதுமூடி கழன்று உருண்டது. அப்பா கையைக் காலை உதறினார், இவன் முகத்தில் அறைந்தார், "விடுறா, யாருடா நீ?" என்றார். இவன் விடவில்லை. இரண்டு கையாலும் அவர் நெஞ்சைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். மருமகள் சாவியைத் தவறான பக்கம் திருப்பி, அப்புறம் சரியான பக்கம் திருப்பினாள். எஞ்சின் அணைந்தது. கத்திகள் மட்டும் கொஞ்ச நேரம் விர்ரென்று ஓடி, தேய்ந்து, ஓய்ந்தன.

அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டார். அது ஓய்கிறவரைக்கும் அசையாமல் கேட்டார். அப்புறம் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். எல்லா விரலும் இருந்தன.

"ஓடிட்டு இருந்துச்சா?" என்றார்.

மருமகள் சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் எழுந்தேனே. எழுந்தா நின்னுடுமே." எழுந்து உட்கார்ந்து டிராக்டரைப் பார்த்தார். ஏதோ கணக்கு உதைக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினார். "அப்போ நான்தான் எதையோ மறந்துட்டேன்."

"இல்லப்பா" என்றான் இளையவன். "நீங்க எதையும் மறக்கல. எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. சீட்டுக்கு அடியில இருக்கிற சுவிட்சை நான்தான் வெட்டி ஒயரைச் சேத்து வெச்சேன். அதனாலதான் நிக்கல. தப்பு என்னோடது."

அவர் அவனை நன்றாகப் பார்த்தார். முகத்தில் கோபம் போயிருந்தது. சட்டையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"தம்பி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியல" என்றார். "கையைக் காப்பாத்திக் குடுத்தீங்க, நல்லா இருப்பீங்க. அதுக்காக என் தப்பையும் நீங்க சுமக்க வேண்டாம்."

"சத்தியமா நான்தாம்பா. வாங்க, ஒயரைக் காட்டுறேன்."

கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். இருக்கையைத் தூக்கி டேப் சுற்றிய ஒயரைக் காட்டினான். அப்பா குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், புரிந்ததைப் போலத்தான் இருந்தது. ஆனால் வேனில் ஏறி உட்கார்ந்ததும், ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஏறியிருந்த மருமகளிடம் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்கம்மா. நான்தான் நம்பல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இளையவனுக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. இந்த மனுஷன் காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறக்கிறவர். இதையும் மறந்துவிடுவார், வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேனை ஓட்டினான். சாயங்காலம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான், படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை. இரண்டு தடவையும் அவர் பெரிய மனசோடு, "பரவாயில்ல தம்பி" என்றார். சுவிட்சும் ஒயரும் அவர் நினைவில் நிற்கவே இல்லை. தான் எதையோ மறந்துவிட்டோம் என்பது மட்டும் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் இளையவன் அவர் அறைக்குள் போனபோது, அப்பா கண்ணாடிக்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். பட்டன் ஒன்றும் போடவில்லை. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. யார் உதவிக்கு வந்தாலும் கையைத் தட்டிவிட்டுத் தானே பட்டன் போடுகிற ஆள் அவர், நேற்றுக் காலை வரைக்கும்.

"நீங்களே போட்டுடுங்க தம்பி" என்றார். "நான் போட்டா எதையாவது விட்டுடுவேன்."

இளையவன் முன்னால் வந்து நின்று போட்டான். கீழ்ப் பட்டனுக்கு வந்தபோதுதான், நடுவில் ஒரு துளை தவறி, சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்பதைப் பார்த்தான். அப்பாவும் கண்ணாடியில் அதைப் பார்த்தார். ஒரு கோடு கொஞ்சம் சாய்ந்தாலே முழுசையும் திரும்ப வெட்ட வைக்கிற மனுஷன்.

"சரியா இருக்கு" என்றார் அப்பா. "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்."

இளையவன் எல்லாப் பட்டன்களையும் கழற்றிவிட்டு, மேலிருந்து போடத் தொடங்கினான்.